ஆணியில் தொங்கும் டோக்கன்

இன்று காலை முதலாளி என் மேசைக்கு மேலே உள்ள பலகையைக் காட்டி, "அந்தப் பித்தளையக் கழட்டிடுங்க மேடம், வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க" என்றார். மாட்டேன் என்றேன். நீ கடைசியாக மாட்டிவிட்டுப் போனது அது, உன் அப்பாவின் சுரங்க டோக்கன். தொட்டால் விரலில் இன்னும் பித்தளை வாசனை ஒட்டுகிறது.

அந்தப் பலகையே உன் வேலைதானே. உங்கள் ஊர் கோல்ட் பீல்ட்ஸில், சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் ஷாப்டுக்குள் இறங்குகிறவர் டைம் ஆபீஸ் ஆணியில் டோக்கனை மாட்டுவார், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார். "மேல போனாலும் கீழ போனாலும் ஆள் கணக்கு வேணும்டி" என்று சொல்லி, நம் குட்டி விமானக் கம்பெனியிலும் ஊழியர்களுக்கு ஆணி அடிக்கவைத்தாய். விமானம் கழுவ வந்தவளுக்கு இவ்வளவு அதிகாரமா என்று பைலட்டுகள் சிரித்தார்கள். சோதனை ஓட்டத்துக்குப் பின்சீட்டில் ஏறும்போதெல்லாம் நீ டோக்கனை மாட்டுவாய். அதைப் பார்த்து நான் பதிவேட்டில் ஊழியர் பக்கத்தில் உன் பெயரை எழுதுவேன்.

ஒருநாள் காலை ரயிலில் கேட்டாய். "றெக்கைக்கு இன்சூரன்ஸ் கீது, கண்ணாடிக்குக் கீது. பின்னாடி குந்திக்கினு போறவங்களுக்கு இன்னா கீது?" அன்றைக்கே பாலிசியை எடுத்துப் படித்தேன். ஒன்றுமே இல்லை. முதலாளியின் உயிரை வாங்கி, எல்லாப் பயணி சீட்டுக்கும் காப்பீடு சேர்க்கவைத்தேன். அதைக் கொண்டாட எனக்கு வடை வாங்கிக் கொடுத்து, பாதியை நீயே தின்றாய்.

கோல்ட் பீல்ட்ஸை மேலிருந்து காட்டுகிறேன் என்று முதலாளி உனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காக லீவு போட்டுவிட்டு, புதுப் புடவையில் வந்தாய். "இன்னிக்கு நான் பாசஞ்சர்டி, கதவ நீதான் தொறக்கணும்" என்று என்ன மிதப்பு! ஆனால் பழகிய கை சும்மா இருக்கவில்லை, டோக்கனை மாட்டிவிட்டுப் போனாய். என் கையும் பயணிகள் பக்கத்தை விட்டு, பழகிய ஊழியர் பக்கத்திலேயே உன் பெயரை எழுதியது. இறங்கும்போது விமானம் ஓடுபாதையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. பைலட் மட்டும் பிழைத்தார்.

இன்சூரன்ஸ்காரர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். நீ ஊழியர், பயணிகள் காப்பீட்டில் வரமாட்டாய் என்று கையை விரித்துவிட்டார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ணு லீவு சொல்லிட்டுதானம்மா போச்சு? வேலைன்னு ஏம்மா எழுதன?" என்று கேட்டார். அன்று நான் அழக்கூட இல்லை, அவ்வளவு வெட்கம். தப்பு என்னுடையது. அதை யாரிடமும் மறைக்கப் போவதில்லை.

நாளை இன்சூரன்ஸ்காரர்களின் விசாரணை. "பதிவேடு தப்புன்னு நீங்களே சொன்னா கம்பெனிக்குத்தான் ஆபத்து. உங்க வேலையும் இருக்காது" என்று முதலாளி மிரட்டிப் பார்த்தார். மிரட்டட்டும். உன் லீவு கடிதம் என் பையில் இருக்கிறது. உன் கோணல் எழுத்தில் காரணம்: 'எங்க ஊரை மேலே இருந்து பார்க்க.' இதைவிட ஒரு பயணி என்ன எழுதித்தர வேண்டும்? அதை அவர்கள் முன்னால் உரக்கப் படிக்கப் போகிறேன்.

ஆணியில் ஒரு டோக்கன் மிச்சமிருந்தாலும் டைம் ஆபீசைப் பூட்டமாட்டார்கள், ஆளைத் தேடாமல் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். நானும் போகமாட்டேன். உன் பெயரைப் பயணிகள் பக்கத்தில் ஏற்றவைத்த பிறகு, உன் அம்மாவின் கையில் கொடுப்பதற்குத்தான் அதைக் கழற்றுவேன்.