லியோவின் ராக்கெட்டுக்குப் பூசை

அன்பு மகன் லியோவுக்கு, அப்பா எழுதுவது. மாதா தயவில் நானும் அம்மாவும் சுகம், குளிர்காற்று அடித்தால் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வருகிறது, நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். அடுத்த மாதம் பெரிய சோதனை இருக்கிறது, எப்போதும்போல் கோயிலில் பூசை கொடுங்கள் என்று போனில் சொன்னாய் அல்லவா, எப்போதும்போல் கொடுக்க என்னால் முடியவில்லை. போனில் சொன்னால் எனக்குக் கோபம் வரும், நீயும் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய் கடைசி லோடு புளி ஏற்ற மலைக்கு, நமக்குப் புளி கொடுக்கிற அர்ச்சுனன் வீட்டுக்குப் போனேன். சாமை விதைக்கும் முன்னால் என்னைப் பார்த்தாலே, உன் பையன் ராக்கெட்டு மழைக்கு இன்னா சொல்லுது என்று கேட்பார். என் மகன் மழை பார்க்கிற ராக்கெட் செய்கிறான் என்று மலை முழுக்கச் சொல்லி வைத்தவன் நான், எனக்குச் சொன்னது நீ. அன்று அவர் எதுவும் கேட்காமல் மருமகன் போனை வாங்கி ஒரு செய்தியைக் காட்டினார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்கள் எழுந்து கைதட்டுகிறார்கள், இரண்டாவது வரிசையில் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாய், கீழே குறுகிய தூர ஏவுகணை என்று எழுத்து ஓடுகிறது. இன்னா ஜோசப்பு, இதுவா மழை பாக்கறது என்றார். கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், நிஜமாகவே கேட்டார். மூட்டை ஏற்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, செங்கத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிற உன் தங்கை ஜெனிலாவை வரவழைத்து விளக்கச் சொன்னேன். ஐநூறு கிலோமீட்டர் போகுமாம். போளூரில் கிளம்பினால் தூத்துக்குடி தாண்டும், நான் லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டுகிற தூரம், அது சில நிமிஷத்தில் போய்விடுமாம். எரிபொருளைக் கெட்டியாக உள்ளேயே அடைத்து வைத்திருப்பதால் லாரி மேலிருந்தே கிளப்பலாமாம், வழியில் யாராவது அடித்து வீழ்த்த வந்தால் வளைந்து தப்பிக்குமாம், அப்படி வளைய வைக்கிறதுதான் அண்ணன் படித்த படிப்பு என்றாள். தலையில் ஒரு டன் வரைக்கும் வெடிமருந்து. ஒரு டன் என்றால் என் வண்டி நிறையப் புளி, அத்தனையும் குறிவைத்த கட்டடத்தின் மேலேயே விழுமாம். இது இருந்தாதான் எவனும் நம்ம மேல கை வைக்க மாட்டான், அண்ணன் வெளிய சொல்லக் கூடாதுப்பா என்று உனக்காகப் பேசினாள். சொல்லக் கூடாது என்றால் சும்மா இருந்திருக்கலாமே, மழை என்று ஏனப்பா சொன்னாய்? உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் கட்டடத்துல யாரு இருப்பாங்க என்று மட்டும் கேட்டாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இது நன்றாக விழட்டும் என்றா இத்தனை நாள் முழங்காலில் நின்றோம், வெற்றி என்றதும் கோயில் வாசலில் மிட்டாய் கொடுத்தோம்?

பெருமை இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். புளி வண்டி ஓட்டுகிறவன் மகன் அந்த வரிசையில் நிற்கிறான் என்று அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைக்கிறேன். வேலையை விடு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை, விடாதே என்றும் சொல்ல வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் எரிகிறது என்றாயே, டாக்டரைப் பார். அம்மாவிடம் நீயே பேசு, மழை கிழை என்று பேசாதே. ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும். பூசையை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்துவிட்டேன். சோதனைக்கு விடுவதெல்லாம் ஆளில்லாத கடலில்தான் விழும் என்று ஜெனிலா சொன்னாள், அதனால் என் மகன் செய்கிறது எல்லாம் எந்தக் காலத்திலும் கடலிலேயே விழ வேண்டும் என்று, பூசையில் எல்லாருக்கும் வாசிக்கிற சீட்டில் வேண்டி எழுதிக் கொடுத்தேன். சாமியார் இரண்டு தடவை படித்துவிட்டு, இப்படியேவா வாசிக்கணும் என்று கேட்டார். இப்படியேதான் சாமி என்றேன்.

உன் அப்பா,
மரியஜோசப்
சந்தவாசல்