அறிமுகம் உண்டு

ஓல்ஷினெட்ஸ், போலந்து
12 அக்டோபர் 2021

அன்புள்ள செவெரின்,

நீ கோத்து அனுப்பிய காய்ந்த காளான் மாலை வந்து சேர்ந்தது. வீடெல்லாம் காட்டு வாசனை. பொறுக்கியது யாகோதாவாகத்தான் இருக்கும், பெருமை மட்டும் கணவனுக்கு!

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. நேற்று கணினிக் குலுக்கலில் என் அமர்வுக்கு ஒரு மேல்முறையீடு விழுந்தது. கட்டைப் பிரித்தால் உன் கையெழுத்து. நர்ஸ் சோவாவின் வேலைநீக்க வழக்கு, மார்ச்சில் நீ தள்ளுபடி செய்தது. அவளுடைய வக்கீல் தீர்ப்பை விட்டுவிட்டு உன்னைப் பிடித்துக்கொண்டார். உன்னை நியமித்த குழுவே அரசியல்வாதிகள் பொறுக்கியெடுத்ததாம். அப்படி வந்தவர் சுதந்திரமான நீதிபதிதானா என்று பார்க்கச் சொல்கிறது லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம். அதைப் பார்க்க எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லை என்று போன வாரம்தான் வார்சாவில் நம் அரசியலமைப்பு நீதிமன்றம் அடித்துச் சொல்லியிருக்கிறது.

பார்த்தால் என் வேலை போகும். பார்க்காவிட்டால் ஐரோப்பியச் சட்டத்தை மீறியவள் ஆவேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. என்னடா செய்யட்டும்?

உன்
போக்னா

16 அக்டோபர்

அன்பு போக்னா,

காளான் நான் பொறுக்கியதுதான். யாகோதா சிரிக்கிறாள், நம்பாதே.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'இவர் என் நண்பர்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து விலகிக்கொள். வழக்கு வேறு நீதிபதியிடம் போகும். உன் தலையும் தப்பும், என் தலையும் தப்பும்.

பதினேழு வருடம் சின்ன ஊரில் வேலித் தகராறு கேட்டேனே, மறந்துவிட்டாயா? பதவி உயர்வு கேட்க நாட்டில் அந்தக் குழுவை விட்டால் வேறு குழு இல்லை. எந்த மந்திரியாவது என்னைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லச் சொன்னதுண்டா? நான் நீதிபதியே இல்லையென்றால் நான் கொடுத்த விவாகரத்தெல்லாம் என்ன ஆகும்? மறுகல்யாணம் செய்தவர்கள் பழைய வீட்டுக்குத் திரும்பட்டுமா?

யாகோதா சமையலறையிலிருந்து கத்துகிறாள்: "அவகிட்ட சொல்லுங்க, வீராங்கனை வேஷமெல்லாம் வேண்டாம்னு. வீட்ல உட்கார வெச்சுடுவாங்க!"

உன்
செவெரின்

25 அக்டோபர்

அன்புள்ள செவெரின்,

நேற்று முன்தினம் உன் பெயர்நாள், உன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள். வாழ்த்த வரவில்லை, வந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லியிருக்க முடியாது.

நீ நல்ல நீதிபதி. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்று கேட்க அந்த நர்ஸுக்கு உரிமை உண்டு. அமர்வில் மூன்று பேர். பழைய முறையில் வந்தவர்கள் கிழவர் லுதோமிரும் நானும். மூன்றாமவர் உன் குழு அனுப்பியவர். நான் எழுந்தால் என் இடத்துக்கும் அப்படி ஒருவர்தான் வருவார், கேள்வி அங்கேயே செத்துப்போகும். லுதோமிரும் நானும் லக்சம்பர்க்குக்கே எழுதிக் கேட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் 'உடன் பயின்றவர், அறிமுகம் உண்டு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்க வக்கீல்களும் ஆட்சேபிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நெஞ்சில் முள் குத்தியது போல இருக்கிறது.

உன்
போக்னா

4 நவம்பர்

போக்னா,

அறிமுகமா? என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நீ! பஸ் ஸ்டாப்பில் பார்க்கிறவனோடு இருப்பதுதான் அறிமுகம்.

திங்கட்கிழமை, புனிதர் அனைவர் திருநாளுக்கு, கல்லறையில் மெழுகுவத்தி வைக்கப் போனோம். கூட்டத்தில் நீ யாகோதாவைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாயாம். "எழுதுனது சரிதான், நாம வெறும் அறிமுகம்தான்" என்று சொல்லி வழியெல்லாம் அழுதாள். என் மகளை வகுப்பில் இப்போதே "போலி ஜட்ஜ் பொண்ணு" என்கிறார்கள். உன் கேள்வி லக்சம்பர்க் போய்த் திரும்ப இரண்டு வருடம் ஆகும். அதுவரை நான் எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்காருவேன்?

கெஞ்சிக் கேட்கிறேன். பத்தாம் தேதிக்குள் உண்மையை நீயே எழுதிக் கொடுத்துவிடு. இல்லாவிட்டால் நான் கொடுக்க வேண்டியிருக்கும்.

செவெரின்

30 நவம்பர்

செவெரின்,

சொன்னபடியே பத்தாம் தேதி கொடுத்துவிட்டாய். தலைமை நீதிபதி மேஜையில் பார்த்தேன். நான் உனக்கு எழுதிய பதினொரு கடிதங்கள், தேதி வாரியாக அடுக்கி, பக்க எண் போட்டு. லக்சம்பர்க்குக்கு எழுதப்போகிறோம் என்ற வரிக்குக் கீழே பென்சில் கோடு வேறு. அமர்வில் பேசியதை வெளியே சொன்னேன் என்று என் மேல் ஒழுங்கு நடவடிக்கை, அது முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தம். பாவம், லுதோமிரும் மாட்டிக்கொண்டார். உன்னிடம் சொல்வதை வெளியே சொல்வதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

என் மகள் டோஷா மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்பது நாள் என்னோடு உட்கார்ந்திருந்தாயே, அதற்கு எழுதிய நன்றிக் கடிதத்தையும் வைத்திருக்கிறாய். 'உன்னைப் போல எனக்கு யாரும் இல்லை' என்ற வரியைத் தலைமை நீதிபதி உரக்கப் படித்தார். "இதுக்குப் பேரு அறிமுகமா, மேடம்?" என்றார். எப்படி மனம் வந்தது உனக்கு?

வழக்கைப் புது அமர்வுக்கு மாற்றினார்கள். நேற்றுப் பத்தே நிமிடத்தில் தள்ளுபடி. உன் நாற்காலி பத்திரம். என் அறையைக் காலி செய்யப் போனபோது நர்ஸ் சோவா படிக்கட்டில் நின்றிருந்தாள். "நீங்க இருப்பீங்கன்னு நெனச்சேனேம்மா" என்றாள்.

அறிமுகம் என்று நான் எழுதியது பொய். அதற்கு என்ன தண்டனை வந்தாலும் வாங்கிக்கொள்வேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் இன்று கோப்பில் சேர்த்திருக்கிறேன்: 'மேற்படி நபர் நவம்பர் பத்தாம் தேதி வரை என் நண்பர். அதற்குப் பிறகு இல்லை.'

வேலை திரும்பக் கிடைத்தால், உன் வழக்கு எதையும் விசாரிக்க எனக்கு இனி ஒரு தடையும் இல்லை.

போக்னா ரூட்ஸ்கா
நீதிபதி