அவளுக்கு நீ இரண்டு வழிதான் வைத்தாய்

என் அமலு,

ஆகஸ்ட் பத்து, ஞாயிறு, மாலை நான்கு பத்து. காலையில் உன் கடைசிக் கதைக்குக் கை தூக்கினோம். பதினொரு பேர். பதினொரு கையும் ஒரே பக்கம்.

டீயா காபியா என்று கேட்டாலே ரெண்டாகப் பிரிகிற கூட்டம் நம்முடையது. அது ஒருமித்துக் கை தூக்கினால் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இப்போது பட்டறையில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இருப்புக்கொள்ளவில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீ அமல்ராஜ். கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டக்காரன், சிறுகதை எழுதியவன். மார்ச் மாதம் பைபாஸ் விபத்தில் பைக்கோடு போய்ச் சேர்ந்தாய். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, பம்பு மோட்டாருக்கு பேனல் போர்டு செய்கிறவன். மாதம் ஒரு ஞாயிறு என் பட்டறையில் கூடிக் கதை வாசிப்போம். கை தூக்கும் முறை நீ கொண்டுவந்தது. கதையில் யாராவது ஒரு முடிவெடுக்க வேண்டிய இடம் வந்தால் வாசிப்பை நிறுத்துவாய். "இப்ப அவ என்ன செய்வா? கையத் தூக்குங்க." எல்லோரும் சொன்ன பிறகுதான் மீதி.

உன் சொந்தக் கதைகளில் அந்த மீதியே இருக்காது. அதுதான் எனக்கு ஆத்திரம். சேஞ்ச்ஓவர் சுவிட்சைப் பார்த்திருக்கிறாயே, மேலே தள்ளினால் லைன் கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் விட்டால் இருட்டு. உன் ஆட்கள் எல்லோரும் நடுவிலேயே நிற்கிறார்கள் என்றேன் ஒரு தடவை.

"அந்த நடுவுல நிக்கிறதத்தான் மாப்ள நான் எழுதுறேன். மீதிய ஈபி ஆபீஸ்ல எழுதுவாக" என்றாய்.

பஸ்ஸில் போகும் கிழவர் கதை ஞாபகம் இருக்கிறதா? மூத்த மகன் வீடு சின்னமனூரில், இளையவன் வீடு வீரபாண்டியில். கண்டக்டர் எங்கே என்று கேட்கிறார், கதை முடிந்துவிடுகிறது. நம் பெருமாள் அண்ணன் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர், அன்றைக்கு எழுந்தே நின்றுவிட்டார். "எறங்குற எடத்தச் சொல்லாட்டி நான் எப்படிப்பா டிக்கெட்டக் கிழிக்கிறது? வண்டியில அம்பது பேரு நிக்கிறாக." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு ஒரு வரியைத் திரும்ப வாசித்துக் காட்டினாய். கிழவர் கம்பம் பஸ் ஸ்டாண்டிலேயே இளையவனின் பிள்ளைக்கு நேந்திரம் சிப்ஸ் வாங்கிவிடுகிறார். "முடிவு கம்பத்துலயே ஆயிருச்சு. வாயால சொல்றதுக்குத்தான் நேரமாகுது" என்றாய்.

அன்றிலிருந்து எந்தக் கதையை எடுத்தாலும் அந்த இடத்தைத் தேடுவது எனக்கு நோயாகிவிட்டது. யார் எப்போது தேர்ந்தெடுத்தார்? பேசிய இடத்திலா, அதற்கு முன்னால் கை செய்த வேலையிலா? பெரும்பாலும் கைதான் முந்துகிறது. இதை உன்னிடம் ஒப்புக்கொள்ளாமலே விட்டேன். நீ தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாய்.

சரி, கடைசிக் கதைக்கு வருகிறேன். பிப்ரவரியில் வாசித்தாய். புருஷன் செத்துப்போன ஒருத்தி, திராட்சைப் பந்தலுக்கு அடியில் கவாத்துக் கத்தரியோடு நிற்கிறாள். கொடியை வெட்டிக் கவாத்து செய்தால் அடுத்த வெள்ளாமைக்கு அங்கேயே இருந்தாக வேண்டும். செய்யாவிட்டால் அம்மா வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அங்கே நிறுத்தினாய். அதிசயமாக, இதற்கு மீதி உண்டு, அடுத்த மாசம் என்றாய். அடுத்த மாசம் நீ இல்லை.

கெங்குவார்பட்டிப் பக்கம் பார்த்த யாரோ ஒரு பெண்ணைத்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் இப்போது அந்தப் பந்தலில் நிற்பது ரீட்டா. உன் மனைவி.

உன் கதைகளைப் புத்தகமாகப் போடுகிறோம். மீதி உண்டு என்று நீயே சொன்ன கதையை அப்படியே எப்படிப் போடுவது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானே எழுதினேன். 'அவள் கத்தரியை முதல் கொடியில் வைத்தாள்.' நல்ல வரி என்று நினைத்தேன். காலையில் வாசித்தேன், பதினொரு கை. ரீட்டாவும் உன் மகள் ஏஞ்சலைக் கூட்டிக்கொண்டு உன் அப்பாவோடு வந்திருந்தாள். அவள் கை தூக்கவில்லை. வந்த விருந்தாளி என்று யாரும் கேட்கவும் இல்லை.

உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏலே கதிரு, எம் மகனே எழுதி வச்சுட்டுப் போயிருக்கான் பாரு, தோட்டத்த விட்டு அவ நகரக் கூடாதுன்னு. புஸ்தகம் வரட்டும். பங்குச் சாமியார் கையில ஒண்ணு குடுக்கணும்."

அதை எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் ரீட்டா வந்தாள். "அண்ணே, தோட்டத்துக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

போனேன். சுற்றிலும் எல்லாத் தோட்டத்திலும் கவாத்து முடிந்து பந்தல் மொட்டையாக இருந்தது. உன் பந்தல் மட்டும் இலையும் கொடியுமாகத் தொங்கியது.

"கவாத்துக்கு ஆள் சொல்லலையா?"

"சொல்லல."

"ஆள் கெடைக்கலையா?"

"ஆளு தேடி வந்தாக. நான்தான் வேணாம்னேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உன் கையால் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல் அமலு. "அமலு இருந்தா என்ன சொல்லியிருப்பான்?" என்று கேட்டுவிட்டேன்.

"அவரு இருந்தா நான் எதுக்குண்ணே போறேன்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அந்தக் கதைய நானும் கேட்டேன். கடைசி வரி உங்களோடதுன்னு எனக்குத் தெரியும். தோட்டத்துல இருக்கணும், இல்லாட்டி அம்மா வீட்டுக்குப் போகணும். ரெண்டே வழிதான் வச்சிருக்காரு. நீங்களும் அந்த ரெண்டுல ஒண்ணத்தான் எடுத்தீக. அவ என்ன படிச்சிருக்கான்னு ஒருத்தராவது கேட்டீகளா?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"நான் டி.ஃபார்ம் முடிச்சவ. தேனியில ஒரு மருந்துக்கடையில வரச் சொல்லியிருக்காக. வாடகைக்கு வீடும் பாத்துட்டேன். தோட்டத்தப் பக்கத்துக்காரருக்குக் குத்தகைக்கு விடுறேன், அந்தக் காசு மாமாவுக்கு. அவுக இங்கனயே இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை நான் வந்து போவேன்."

"அமலு அப்பாகிட்டச் சொல்லிட்டியா?"

"இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீக" என்றாள். "நீங்க எழுதுனத அவரு எழுதுனதாத்தான் ஊரே வாசிக்கும். நாளைக்கு மாமா அந்தப் பக்கத்த விரிச்சு வச்சுக்கிட்டுத்தான் எங்கூடப் பேசுவாக. பெத்தவுகளோட சண்ட போடலாம். செத்தவரோட நான் எப்படிண்ணே சண்ட போடுறது?"

அமலு, ஒரு கதைக்கு முடிவு எழுதுகிறோம் என்றுதான் நினைத்தேன். உயிரோடு இருக்கிற ஒருத்தியின் வாசலுக்குப் பூட்டுச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அதுவும் உன் பேரைப் பொறித்து.

வந்ததிலிருந்து உன்னிடம்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல். கதையில் ஒருத்தி தேர்ந்தெடுக்கிறாள் என்கிறோமே, எதிலிருந்து தேர்ந்தெடுக்கிறாள்? எழுதுகிறவன் முன்னால் வைத்ததிலிருந்துதானே? ரெண்டு கம்பியை மட்டும் வெளியே விட்டுவிட்டு, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றால் அதற்குப் பேர் தேர்வா? உன் கிழவருக்கு ரெண்டு மகன்கள்தான். வருசநாட்டுப் பெண்ணைப் பற்றி எழுதினாயே, அவளுக்குக் காலேஜ் சீட்டு ஒன்று, மாப்பிள்ளை ஒருத்தன். எல்லாம் ரெண்டு ரெண்டாகவே இருக்கிறது. நானும் அப்படியேதான் வாசித்தேன், எனக்கு சுவிட்சுதான் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? டி.ஃபார்ம் படித்தவளோடு ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தாய். கதையில் நிற்கிறவளுக்கு ஒரு படிப்பை எழுத உனக்கு ஒரு வரி போதுமே. ஏன் எழுதவில்லை? மறந்தாயா? இல்லை, அவளுக்கு ஒரு தொழில் இருந்தால் உன் கதை நடுவில் நிற்காது என்று விட்டுவிட்டாயா?

இல்லையென்றால் மார்ச்சில் நீ வாசிக்க வைத்திருந்த மீதியில் அது இருந்ததா? இருந்திருந்தால் நான் சொன்ன அத்தனையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தப் பெண் பந்தலிலேயே இருந்துவிடுவாள் என்றதும் பதினொரு பேருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அதே இடத்தில் ஒரு ஆண் நின்றிருந்து, குத்தகைக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போனால், பிழைக்கத் தெரிந்தவன் என்றிருப்போம். அதற்கும் பதினொரு கை உயர்ந்திருக்கும்.

எனக்கு இன்னும் வருத்தம்தான், பொய் சொல்லமாட்டேன். அந்தப் பந்தலில் வேறொருவர் கத்தரி வைப்பதை என்னால் பார்க்க முடியாது. ஆனால் அது என் வருத்தம். அதற்காக ரீட்டா அங்கே நிற்க வேண்டியதில்லை.

இனி செய்யப்போவது:

1. என் முடிவை லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டேன். நாளை காலை அச்சகத்துக்குப் போவேன். கதை நீ நிறுத்திய வரியிலேயே நிற்கும். கீழே என் பெயர் போட்டு ஒரு குறிப்பு: ஞாயிறன்று வாசித்த முடிவு நான் எழுதியது, அமல் எழுதியதல்ல.

2. புதன்கிழமை தேனி வீட்டுக்குப் போய் வயரிங் பார்ப்பேன். பழைய வீடாம், எர்த் இல்லையாம். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, அப்படியே விட முடியாது.

3. இன்றிரவு ரீட்டா உன் அப்பாவிடம் சொல்கிறாள். நான் பேசுகிறேன் என்றேன். "வேணாம்ணே, நான் பேசிக்கிருவேன், நீங்க வந்து நின்னாப் போதும்" என்றாள். அந்த வரி என்னுடையது என்று மட்டும் அவரிடம் முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு வாசலில் நிற்பேன். அவர் கத்துவார், உன் பேரைச் சொல்லி அழுவார். அவள் கூப்பிட்டால் உள்ளே போவேன். கூப்பிடாதவரை வேறு எதற்கும் வாயைத் திறக்கமாட்டேன். என்னால் முடியுமா என்று நீ சிரிப்பாய். முடியும் மாப்ள, இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ரீட்டாவுக்கு அண்ணன்,
அந்த வகையில் உனக்கு மச்சான்,
கதிரேசன்