உனக்குப் பதிலாக ஒரு பால்குடம்

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மலேசியாவில், கிள்ளானில் நானும் அம்மாவும் நலம், அங்கே ஜெர்மனியில் நீயும் உன் அணுக்களும் நலமா. போனில் பேசினால் பாதியிலேயே அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து வாட்சாப்பில் அனுப்புகிறேன், பொறுமையாகப் படி. முதலில், தைப்பூசத்துக்கு வர நீ எடுத்திருக்கும் விமான டிக்கெட்டை ரத்து செய்துவிடு. பதறாதே, காரணம் சொல்கிறேன்.

கருப்பில் வெள்ளைப் புள்ளிகளாக ஒரு படம் அனுப்பினாயே, ஒவ்வொரு புள்ளியும் ஓர் அணு என்று, அதைப் பெரிதாக அச்சடித்துக் கண்ணாடி போட்டு உன் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். சுங்கை வேயிலிருந்து வந்த குமுதா பெரியம்மா அதைப் பார்த்து யாருக்கு ஸ்கேன் எடுத்தீர்கள், உடம்புக்கு என்ன என்று பயந்துவிட்டாள். உட்காரவைத்து நீ சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடமாடுகின்றன என்று நேரில் பார்க்க முடியாது, அதனால் என் மகள் அவற்றுக்குப் பதிலாக அணுக்களை எடுத்து, விண்வெளியைவிடக் குளிரவைத்து, லேசர் ஒளியாலேயே இட்லித் தட்டுபோல் குழிகள் செய்து உட்காரவைக்கிறாள், பதிலாக நிற்கும் அணுக்களைப் பார்த்து எலக்ட்ரானின் குணத்தைத் தெரிந்துகொள்கிறாள் என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு, அவ்வளவு குளிரில் பிள்ளைக்கு நல்ல ஸ்வெட்டர் வாங்கி அனுப்பக் கூடாதா என்றாள். பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டும் அய்யாவு முதல் மீன் விற்கும் இம்ரான் வரை எல்லாரிடமும் போனில் அந்தப் படத்தைக் காட்டியாயிற்று. சுகுமாறனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்கிறார்களாம். ஏறட்டும், இதற்குக்கூடப் பெருமைப்படாவிட்டால் நான் என்ன அப்பன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் அணுக்கள் குழியில் நிற்காமல் தப்பி ஓடுகின்றன என்று நீ போனில் அழுதபோது, உன் லேசர் இயந்திரம் சரியானால் நீ பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பாய் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். சரியாகிவிட்டது. இனி நீ வந்து எடுக்காவிட்டால் அவை மறுபடி ஓடிவிடும் என்று அவளுக்குப் பயம், அவள் மனம் நோகக் கூடாதென்று நீயும் வருகிறேன் என்றுவிட்டாய். ஆனால் இப்போது விட்டுவந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாயே, அந்தக் குரலைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. நானே எடுக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். எல்லாரும் படியேறும்போது கீழே டீக்கடையில் தே தாரே குடித்துக்கொண்டிருந்த ஆள் நான், உனக்குத் தெரியும். அம்மா ஒப்பவில்லை. "அவ எடுக்க வேண்டியத நீங்க எப்படிங்க எடுப்பீங்க? முருகன் ஒத்துக்குவாரா?" என்றாள். "எலக்ட்ரானுக்குப் பதிலா அணு நிக்குது, உலகமே ஒத்துக்குது. மகளுக்குப் பதிலா அப்பன் நின்னா முருகன் மட்டும் ஒத்துக்க மாட்டாரா?" என்றேன். அவள் போய்ப் பித்தளைக் குடத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

விரதம் இருந்தேன், கோழிக்கறி வாசத்தையும் தாண்டினேன். தைப்பூசக் கூட்டத்துக்கு முன்பே, இந்த ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலில் பத்துமலைக்குப் போனோம். முட்டிவலியால் அம்மா கீழேயே நின்றுகொண்டாள். பாதிப் படியில் ஒரு குரங்கு குறுக்கே பாய்ந்தது, குடம் ஆடிக் கட்டியிருந்த மஞ்சள் துணி நனைந்துவிட்டது. அசையாமல் நின்றேன். சின்ன அதிர்வுகூட ஆகாதுப்பா, எல்லாம் போய்விடும் என்று நீ சொல்வாயே, அது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு காலைப்பொழுதுக்கே என் கழுத்து விட்டுப்போயிற்று. எனக்காவது கீழே உன் அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு அங்கே யாரும் நிற்கவில்லையே, தனியாகத்தானே இத்தனை நாளும் சுமந்தாய் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அர்ச்சனைக்கு உன் பெயர், உன் நட்சத்திரம்தான் சொன்னேன். இறங்கி வந்ததும் அம்மா சிந்தியதா என்று கேட்டாள், கொஞ்சம் என்றேன். குடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "போதும், அவள வேலையப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, பெரியம்மாவின் ஸ்வெட்டர் வந்தால் போட்டுப் படம் அனுப்பு, டிக்கெட்டை மறக்காதே. முருகன் துணையிருப்பான், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. வேலை முடிந்ததும் வா அம்மா. வேண்டுதல் எதுவும் பாக்கி இல்லை, சும்மா வந்தால் போதும்.

இப்படிக்கு,
கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா சுகுமாறன், அம்மா உஷாராணி