உன் முகத்தைக் கிழித்தது நான்தான், மாமா

மாமா,

உன் கன்னம் உப்பிக்கொண்டிருந்தது. இரண்டு கன்னமும், பலூன் ஊதுகிறவனுக்கு உப்புகிற மாதிரி. கடைத்தெருவில் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தேன். அந்தப் பெரிய பட்டுப்புடவைக் கடையின் முதல் மாடி சன்ஷேடுக்கு முன்னால் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால், அதே சன்ஷேடில், கடையின் மூன்று ஏசி அவுட்டோர் பெட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவை தள்ளிய சூட்டுக் காற்று போக வழியில்லாமல் உன் மூஞ்சியில் மோதி, திரும்ப மிஷினுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. ஏசி மெக்கானிக் நீ, அவுட்டோருக்கு முன்னால் யாராவது துண்டைக் காயப்போட்டாலே கத்துவாய். இப்போது உன்னையே காயப்போட்டிருக்கிறார்கள்.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கோபம் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

உன் படம் ஒரு வட்டத்துக்குள். பக்கத்தில் கடை முதலாளி, உன்னைவிட இரண்டு பங்கு பெரிதாக, கை கூப்பிக்கொண்டு. "எங்களை விட்டுப் பிரிந்த அன்புச் சகோதரர்" என்று எழுத்து. உயிரோடு இருந்தவரை நீ அவருக்கு 'ஏய், ஏசி'. செத்ததும் சகோதரர். நல்ல பிரமோஷன்தான்.

ஏசி என்றால் திட்டி என்று பொருள், எங்கள் தமிழ் ஐயா சொன்னார் என்று ஒருநாள் உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். "அதான்டா மாப்ள, எல்லாரும் என்னை ஏசிகினே கூப்புடறாங்க" என்றாய். உன்னை மடக்கவே முடியாது. பெண் குரலில் உனக்கு போன் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "தேவிகாபுரத்துலருந்து பேசறேங்க. எங்க வூட்டு ஏசி அழுதுகினே கீதுங்க."

"யாரு அடிச்சாங்க அத?" என்றாய், ஒரு நொடிகூட யோசிக்காமல். "சரி, கழுவி எவ்ளோ நாளாச்சும்மா?"

சிரித்து மாட்டிக்கொண்டேன். நீயும் சிரித்தாய். பிறகு சொன்னாய்: "இதே கொரல்ல கடைக்காரங்களுக்குப் போட்டு, கழுவி எவ்ளோ நாளாச்சுன்னு கேளுடா. நான் பண்ணா எவனும் போன எடுக்கறதில்ல."

அந்தக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் பட்டு நூல் முறுக்குகிற பட்டறை. அங்கிருந்து பறக்கும் பிசிறு அவுட்டோரின் முதுகில் கம்பளி போல அப்பிக்கொள்ளும். "மத்த ஊர் மிஷினு தூசி தின்னுது. நம்ம ஆரணி மிஷினு பட்டு தின்னுது" என்பாய். வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒரு காலை நேரத்தில் மூன்றையும் கழுவிவிடலாம் என்று மாசி மாதமே முதலாளியிடம் போய்ச் சொன்னாய். "இப்ப நல்லாத்தானே ஓடிகினு இருக்கு. அப்புறம் பாத்துக்கலாம்."

அவருடைய அப்புறம் கத்திரி வெயிலில் வந்தது. முகூர்த்தக் கூட்டம் கடை கொள்ளாத நாள், உச்சி வேளை. அம்மா உனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. "மூணும் நின்னுபோச்சு. கஸ்டமருங்க பேஜார் பண்றாங்க. ஜல்தி வா."

"வெயில் தாழ போயேன்டா" என்றாள் அம்மா.

"புடவைக்கெல்லாம் வேர்க்குதாம்க்கா" என்று சொல்லிவிட்டு, சோற்றின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனாய்.

அந்தச் சன்ஷேடில் பொட்டு நிழல் கிடையாது. உன் கூட்டாளி சலீம் அண்ணனும் அன்றைக்கு வந்தவாசி வேலைக்குப் போயிருந்தார். தனியாகக் கழுவி, மூன்றையும் ஓடவிட்டு, ஏணியில் இறங்கி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வெயிலை உடம்பு தாங்கவில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். "வேலைய முடிச்சுட்டுத்தான் போனாரு, கடை ஜில்லுனு ஆயிடுச்சு" என்று சாவு வீட்டில் ஒருத்தர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அதனால்தான் பேனரைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கடைக்குள் போனேன்.

"சார், பேனர அவுத்துடுங்க. மிஷினுக்கு மூச்சு முட்டுது."

"ஷோகேஸ் பொம்மைக்கு மீசை வரஞ்சவன்தானே நீ? செத்தவங்க விஷயத்துல இன்னாடா விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல சார். நின்னுடும்."

"இப்ப நல்லாத்தானே ஓடிகினு இருக்கு. நின்னா அந்த சலீம வரச்சொல்லி ஏத்திவுட்டாப் போச்சு. கெளம்பு."

வெளியே அதே உச்சி வெயில். சலீம் அண்ணன் குழந்தைக்கு இன்னும் கழுத்துகூட நிற்கவில்லை, மாமா.

பில் போடுகிற மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு பக்கக் கயிற்றை அறுத்தேன். பிடித்து இழுத்ததில் பேனர் சர்ரென்று கிழிந்தது. உன் ஒரு காது முதலாளி பக்கம் போய்விட்டது.

"செத்தவன் மூஞ்சியக் கிழிக்கறான் பாரு!"

"சொந்த மாமன்டா அது!"

தெருவே கூடிவிட்டது. முதலாளி என் காதைத் திருகி வாசல்வரை இழுத்துவந்தார். தலைக்கு மேல் மிஷின்கள் முனகல் அடங்கிச் சீராக ஓடத் தொடங்கியது அவர் காதில் விழவில்லை. திருகிய பிறகும் என் காதில் நன்றாகவே விழுந்தது.

வீட்டுக்குச் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. அம்மா ஓர் அறை விட்டாள்.

"மாமா ஏறின அதே எடத்துல, அதே வெயில்ல, சலீம் அண்ணன ஏத்தப் பாக்கறாங்கம்மா."

மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது. கையை இறக்கிக்கொண்டு கேட்டாள்: "முழுசா கிழிச்சியா?"

"பாதிதான்."

"மீதிய எவன் கிழிப்பான்?"

விஷயம் கேள்விப்பட்டு, மறுநாள் விடியும்போதே சலீம் அண்ணன் போய் நின்றார். பேனர் அடைத்ததில் பிசிறு மறுபடி அப்பியிருக்கிறது, கழுவினால் இப்போது கழுவுவேன், மத்தியானம் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். மூன்றாவது பெட்டிக்கு வரும்போது வெயில் வந்துவிட்டது. உன் பாதியைத் தலைக்கு மேல் நிழலுக்குக் கட்டினார். முதலாளி பாதியைக் காலுக்குக் கீழே விரித்தார். "சிமெண்ட் சுடுதுடா, வேற ஒண்ணும் இல்ல" என்றார், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு.

உன் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், நீ பதிந்து வைத்திருக்கிற கடைகளுக்கெல்லாம் வரிசையாகப் போடுகிறேன். அவர்கள் திரையில் உன் பேர்தான் வரும். முன்பு எடுக்காதவர்கள் எல்லாம் முதல் மணியிலேயே எடுக்கிறார்கள் மாமா. "ஹலோ" என்பதற்குள் குரல் உதறுகிறது. நான் அவசரப்படுவதில்லை. கொஞ்சம் மூச்சுவிட்டு, தேவிகாபுரத்துக் குரலில் கேட்கிறேன்:

"கழுவி எவ்ளோ நாளாச்சுங்க?"