பூட்டாத வீடு

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகன் ஜெயவேலுக்கு, உன் அப்பா எல்லப்பன் தன் கையாலேயே எழுதும் கடிதம்.

நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகள் காவ்யாவும் பேரன் கிரணும் பெங்களூருவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. “போன்ல ரெண்டு வார்த்தை பேசுறத வுட்டுட்டு இன்னாத்துக்கு இப்டி குனிஞ்சிகினு கெடக்குற?” என்று உன் அம்மா தெய்வநாயகி கேட்டாள். போனில் பேசினால், மீட்டிங் இருக்கிறது என்று நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் பாதியில் வைக்க வழியில்லை. அதோடு, எழுத வந்த பிறகு எழுதாமல் இருக்கக் கை கேட்கவில்லை.

எங்களைப் போன்ற வயதானவர்களுக்கு எழுதப் படிக்க மாலை வகுப்பு நடத்தும் ஸ்வர்ணலதா டீச்சர், “கண்ணில் படுவதையெல்லாம் படியுங்க” என்று சொல்லியிருக்கிறார். அப்படியே செய்கிறேன். போளூர் பஸ்ஸை இத்தனை காலம் கண்டக்டர் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது தூரத்திலேயே பலகையைப் படித்துவிட்டு, ஏறாமல் சும்மா நிற்கிறேன். பெரணமல்லூர் சாலையில் வயலுக்கெல்லாம் பெயர் வைத்திருப்பது படித்த பிறகுதான் தெரிந்தது. ஏதோ நகர், ஏதோ கார்டன். கல் நட்டிருக்கிறார்கள், வீடு ஒன்றும் இல்லை. மனை வாங்கியவர்கள் உன்னைப்போல வெளியூரில் இருப்பவர்களாம்.

ஒரு நாள் அரிசி மில் பக்கத்து மளிகைக் கடையில் ஒரு பலகையைப் பார்த்தேன். எவ்வளவு முயன்றும் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. படித்ததெல்லாம் மறந்துபோயிற்றோ என்று பயந்தே போனேன். மில்லில் மூட்டை தூக்கும் பிண்டு பக்கத்தில் நின்று சிரித்தான். அது இந்தி எழுத்தாம். அவர்கள் ஊரில் கரைத்துக் குடிக்கிற கடலை மாவு இங்கே கிடைக்கும் என்று எழுதியிருக்கிறதாம். நான் அவனுக்கு பஸ் பலகையைப் படித்துச் சொல்கிறேன். அவன் எனக்கு அந்தப் பலகையைப் படித்துச் சொல்கிறான். எங்கள் ஊரில் இப்போது இப்படி நடக்கிறது.

பிண்டு யார் என்று கேட்பாய். பீகார்க்காரன். பெண்டாட்டியும் சின்ன மகளும் கூட இருக்கிறார்கள். மில்லுக்குப் பின்னால் ஒரே தகரக் கொட்டகையில் மூன்று குடும்பம். தெருவில் பாவு நீட்டும் காலைகளில் அவனும் கூட்டாளிகளும் வந்து கோல் பிடிக்கிறார்கள். பட்டு இழைகளைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட எத்தனை கை வேண்டும் என்று உனக்குத் தெரியும். நம் பிள்ளைகள் ஓசூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். கைக்கு எங்கே போவது? முதல் நாள் அவன் பேச்சு எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் பேச்சு அவனுக்குப் புரியவில்லை. நம் தெரு நெசவாளி தருமன் கோபத்தில் “ஜல்தி ஜல்தி” என்று கத்தினான். உடனே எல்லாரும் ஓடி வந்து இழுத்தார்கள். அன்றிலிருந்து கஷ்டமில்லை.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தெரு நேராகவும் நீளமாகவும் இருப்பது பாவுக்காக. இப்போது வெளியூர் போனவர்கள் கட்டிய வீடுகளில் எல்லாம் கார் ஏறுவதற்குச் சிமெண்டுச் சரிவு தெருவுக்குள் நீண்டு வந்துவிட்டது. பாவு பாம்பு மாதிரி வளைந்து போகவேண்டியிருக்கிறது. சென்ற மாதம் தருமனின் பாவு ஒரு சரிவின் விளிம்பில் உரசி இழை இழையாக அறுந்தது. கல்யாணச் சேலைக்குப் போட்ட பாவு. அவன் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நகராட்சிக்கு மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. எழுதத்தான் ஆள் இல்லை. எல்லாருக்கும் எழுதத் தெரியும், ஆனால் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். சித்தப்பன் வீட்டுச் சரிவை இடிக்கச் சொல்லி எவன் எழுதுவான்? தருமன் என் பக்கம் திரும்பி, “புதுசா பேனா புடிச்ச கை, ராசியான கை. நீயே எழுது மாமா” என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாழ்வில் முதல் மனு! டீச்சரிடம்கூடக் காட்டாமல் எழுதினேன். “ஆள் குடியிருக்கும் வீடுகளை விட்டுவிடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சரிவுகளை மட்டும் எடுத்துவிடுங்கள்” என்று எழுதினேன். இது நியாயம்தானே என்று எல்லாரும் சொன்னார்கள்.

மனு கொடுத்தால் யார் வருவார்கள் என்று நினைத்தேன். போன வியாழக்கிழமை வந்துவிட்டார்கள். இன்ஜினீயர் அம்மா ஒருவர், சிறு வயது, நல்ல பேச்சு. தெருவை அளந்துகொண்டே வந்து நீ கட்டிய புது வீட்டின் முன்னால் நின்று, “இதாங்க பெருசு. மொதல்ல இதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்” என்று சுண்ணாம்பால் கோடு போட்டார்.

ஜெயவேல், உன் வீடு பூட்டிய வீடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் பழைய வீட்டிலேயே படுத்தாலும், அம்மா காலையில் போய்த் திறந்து பெருக்கிக் கோலம் போடுகிறாள். சாயங்காலம் நான் போய் விளக்கு ஏற்றுகிறேன். எழுதும்போது மற்ற வீடுகள்தான் கண்ணில் நின்றன. நான் சாவியை எடுத்துக் காட்டி, “இது என் பையன் வீடுங்க” என்றேன். “சரிங்க பெரியவரே, உள்ள யாரு தூங்குறாங்க?” என்று கேட்டார். சாவியை மறுபடி மடியில் செருகிக்கொண்டேன். தருமன் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் இதை யோசிக்கவில்லை.

அந்த அம்மா கடுமையானவர் இல்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார்: “நாங்க இன்னா பண்றதுங்க? வீடு இருக்குற எடத்துல ஆளு இல்ல, ஆளு இருக்குற எடத்துல வீடு இல்ல. தண்ணி பைப்ப எங்க போடுறது, வெளக்க எங்க நடுறது? கணக்கு ஒதைக்குது, பேஜாரா இருக்குது.” எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஊர் பெரிதாகிறது என்கிறார்கள். நம் தெருவில் இரவில் எரியும் விளக்கை எண்ணினால் அப்படித் தெரியவில்லை.

குடியிருக்கும் வீடு என்றால் இடிக்கமாட்டார்களாம். சிமெண்டுக்குப் பதில் இரும்புப் பலகை வைத்துக்கொள்ளலாம். கார் வரும்போது போட்டு, பாவு நீட்டும்போது எடுத்துவிடலாம். ஆனால் ஆள் இருக்கிறார்கள் என்று இன்னும் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். நானே எழுதவேண்டும்.

அந்தச் சரிவை நீ ஏன் கட்டினாய் என்று எனக்குத் தெரியும். பெங்களூருவில் அடுத்தவன் வாசலில் காரை நிறுத்தி ஏச்சு வாங்குகிறேன், சொந்த ஊரிலாவது என் கார் என் வீட்டுக்குள் போகட்டும் என்றாய். அதை உடைக்கச் சொல்லி எழுதியது உன் அப்பன் என்று நாளைக்கு யாராவது உனக்குச் சொல்வார்கள். அதற்குள் நானே சொல்லிவிட நினைத்தேன்.

அம்மா ஒன்று சொல்கிறாள். நீங்கள் வரும்வரை கீழ்ப்பகுதியைப் பிண்டு குடும்பத்துக்கு விடலாமாம். வடக்கத்தியாருக்கு விடக்கூடாது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் நீ பெங்களூரு போன புதிதில் உன் தமிழ்ப் பேச்சைக் கேட்டதுமே வீடு இல்லை என்று கதவைச் சாத்தினார்களே, அன்று நீ போனில் அழுததையும் மறக்கவில்லை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் எல்லாம் தெளிவாகும் என்று நினைத்திருந்தேன்.

பொய் எழுதமாட்டேன். நீங்கள் வந்து இருப்பீர்கள் என்றால் அப்படி எழுதுகிறேன். பிண்டு இருக்கட்டும் என்றால் அப்படி எழுதுகிறேன். இரண்டும் இல்லை என்றால் கோட்டின்படி உடைக்கட்டும். நான் பக்கத்தில் நிற்கமாட்டேன். நீ எதைச் சொன்னாலும் சரி, அந்த வாசலில் யாருடைய செருப்பாவது கிடக்கவேண்டும் என்று இருக்கிறது.

கிரணுக்கு என் முத்தம். தமிழ் எழுத்து அவனுக்கும் இப்போதுதான் வருகிறதாமே. தாத்தாவுக்கு ஒரு வரி எழுதச் சொல், போட்டி போட்டுப் பார்ப்போம். நீ வருகிற நாளை மட்டும் முன்னால் சொல்லிவிடு. எந்தப் பாவு நீட்டியிருந்தாலும் சுருட்டச் சொல்லிவிட்டு, இரும்புப் பலகையை நானே போட்டு வைக்கிறேன்.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் விளக்கு எரியும் வீட்டில் இருங்கள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா,
எல்லப்பன்