பழுப்பாகக் கூடாத கண்ணாடி

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போன் எதற்கு இருக்கிறது என்று கேட்பாய். இங்கே ஒரே அறை. கட்டிலில் படுத்தபடியே உன் அத்தான், எதிர்முனையில் நீ மூச்சு விடுவதைக்கூடக் கேட்டுவிடுவார். அதனால் வேலை பார்க்கும் கூரியர் கடையில், கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். மூட்டையோடு மூட்டையாக இதுவும் உனக்கு வந்து சேரும்.

அவர் ஈரலில் இருப்பது புற்றுதான். ஊசி விட்டு எடுத்த சதையைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நான் அழுது முடித்துவிட்டேன், நீ ஆரம்பிக்காதே. அறுவை டாக்டர், "ஒரே பக்கத்துலதான் இருக்கு, இப்ப வெட்டினா மொத்தமா எடுத்துடலாம்" என்கிறார். உன் அத்தான் அசைய மாட்டேன் என்கிறார். "லிஃப்ட் ரிப்பேருக்கு முப்பதாவது மாடியில கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். மயக்க ஊசி போட்டுக்கிட்டு, என் கையில ஒண்ணுமே இல்லாம ஒரு அறைக்குள்ள போகமாட்டேன்" என்கிறார். நாள் முழுக்க இதே பாட்டு.

இப்போது இன்னொன்று முளைத்திருக்கிறது. ஆபரேஷன் செய்ய முடியாதவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பரிசோதிக்கிறார்கள். கட்டியில் ஏதோ ஹார்மோன் ஏற்பி என்ற புரதம் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். அந்தப் பரிசோதனையை நடத்தும் டாக்டர் காட்டிய ஆய்வுக் கட்டுரையில் மூன்றாவது பெயர் உன்னுடையது. இவர் அதை நகலெடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். அதில் இவருக்குப் புரிந்தது உன் பெயர் மட்டும்தான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "என் மச்சினி கண்டுபிடிச்ச மாத்திரை இருக்கு, எனக்கு எதுக்குக் கத்தி?" என்று ஒரே பெருமை.

நேற்று இவருடைய சூப்பர்வைசர் வந்திருந்தார். லிஃப்டில் சிக்கியவர்களின் கதையெல்லாம் வந்தது. "மூணு மணி நேரம் உள்ளே கிடந்த ஆளு, கதவு திறந்ததும் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாரு. எல்லாரும் அப்படித்தான். பெட்டியைச் செஞ்சவனை விட்டுடுவாங்க, திறந்து விட்டவனைத்தான் திட்டுவாங்க." இதைச் சொல்லிவிட்டு உன் அத்தான் சிரித்தார், சிரித்த வேகத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் புரதம் என்னவென்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. மாத்திரையை நம்பலாமா?

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மதிய உணவு இடைவேளையில் குளிர்பதனப் பெட்டிகளுக்கு நடுவே நின்று படித்தேன். எங்கள் ஆய்வகம் தரைக்குக் கீழே இருக்கிறது, ஜன்னல் கிடையாது. அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

நீ கேட்டதைச் சொல்கிறேன். ஏற்பி என்பது உயிரணுவுக்குள் காத்திருக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் வரும் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டதும், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று அது உத்தரவு போடும். ஈரல் புற்றில் அந்த உத்தரவு கட்டியை வளர்க்கிறதா, அடக்குகிறதா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. எங்கள் ஆய்வகம் வளர்க்கிறது என்ற கட்சி. மாத்திரை அந்த ஏற்பியின் கையைக் கட்டிப்போடும்.

அதற்கு ஒரு சொந்தக்காரப் புரதமும் உண்டு. பார்த்தால் அதே ஜாடை. ஆனால் அது ஹார்மோனுக்காகக் காத்திருக்காது, யாரும் கூப்பிடாமலே வேலை செய்துகொண்டிருக்கும். அதை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது.

அத்தானிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல். அறுவை டாக்டர் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளச் சொல். எல்லா மாத்திரையும் எல்லாருக்கும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. சுவரில் இருக்கும் தாளை எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும்.

உன் குட்டி


மார்ச் 15

குட்டி,

வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் வதக்கின மாதிரி ஒரு கடிதம். நான்கு முறை படித்தும் கையில் நிற்கவில்லை. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, "டம்ளர் நல்லாத்தான் இருந்துச்சு" என்பாயே, அந்தக் குரல் கேட்கிறது.

சதையைச் சோதித்தாகிவிட்டது. அந்தப் புரதம் நிறைய இருக்கிறதாம். பழுப்பு நிறத்தில் ஒரு படம் காட்டினார்கள். உன் ஆய்வகத்து முறைப்படியே செய்ததாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா, விஞ்ஞானி கை பட்டாச்சு" என்று எழுந்து அவரே தேநீர் போட்டார்.

அறுவை டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "ஆறு மாசம் மாத்திரையைப் போட்டுப் பார்த்துட்டு வந்தா, வெட்ற நிலையில இருக்கும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாதும்மா" என்றார். இருபத்தைந்தாம் தேதிக்குள் சம்மதம் சொன்னால்தான் ஆபரேஷன் அறை. சொல்லாவிட்டால் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

கடையில் பார்சலுக்கு டேப் ஒட்டும்போதுகூட இதுவே ஓடுகிறது. அவர் நான் சொன்னால் கேட்க மாட்டார், டாக்டர் சொன்னாலும் கேட்க மாட்டார். நீ சொன்னால் கேட்பார். ஆமாவா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். இதை நான் வெளியே சொல்லக் கூடாது. வெளியிடாத முடிவுகளைப் பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பட்டமும், இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் பேராசிரியரின் ஒரு கடிதத்தில் தொங்குகின்றன.

கட்டியை மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் துண்டில் ஒட்டுவோம். அந்த ஏற்பியை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் திரவத்தை மேலே விடுவோம். ஏற்பி இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கண்ணாடி வைப்போம். அதில் அந்தத் திரவத்தை விடவே மாட்டோம். அது பழுப்பாகாது. அதைப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதிக்கொள்வோம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் இப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன். திரவமே விடாத கண்ணாடி எப்படியக்கா பழுப்பாகும்? இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஜனவரியில் எனக்குத் தோன்றியது. ஏற்பியை அடியோடு நீக்கிய உயிரணுக்களை வளர்த்து அதே திரவத்தை விட்டேன். பழுப்பாகக் கூடாது. ஆனால் பழுப்பானது. திரும்பச் செய்தேன், அப்போதும் பழுப்பு. அது பிடித்துக்கொண்டிருந்தது சொந்தக்காரப் புரதத்தை.

பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, "பொறு, அடுத்த கட்டுரை வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். நல்ல மனிதர்தான். என் பிறந்தநாளை நினைவு வைத்திருப்பவர். நானும் பொறுத்தேன். ஒரு கதவைத் தட்டினால் எல்லாக் கதவும் மூடிவிடும் என்ற பயம்.

அத்தானின் கட்டியில் அந்த ஏற்பி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யாருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாத ஒன்றுக்காக, வெட்டி எடுக்கக்கூடிய நிலையில் இருக்கும் கட்டியை விட்டுவைக்கக் கூடாது. இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டு. கண்டுபிடித்தவள்தான் சொல்கிறாள் என்று சொல்.

மாத்திரைப் பரிசோதனையை நடத்தும் டாக்டருக்கும் என் படங்களை இன்று அனுப்பிவிட்டேன்.

குட்டி


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் அணைந்திருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி போய்விட்டது.

திங்கட்கிழமை ஆய்வகக் கதவில் என் அட்டையைத் தேய்த்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட வேலை செய்பவர்கள் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். பேராசிரியர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. படங்களை வெளியே அனுப்பியதற்கு விசாரணையாம், அது முடியும்வரை அறையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஊரை விட்டுப் போகவும் கூடாது. என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். அதில் ஒரு குழாய் நாள் முழுவதும் சொட்டுகிறது. புத்தகத்தை விரித்தால் ஒரே பக்கத்திலேயே நிற்கிறேன்.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது. அவர் எங்கே இருக்கிறார், வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? அது தெரிந்தால் போதும்.

குட்டி


ஏப்ரல் 11

அன்புள்ள குட்டிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. எழுதவும் கை வரவில்லை. உனக்கு என்ன எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டார். முடித்ததும் எழுந்து உன் கட்டுரையைப் பிய்த்தார், சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. "கடைசியில உன் தங்கச்சியும் என்னை நட்டாத்துல விட்டுட்டா" என்றார். பிறகு அந்த ஒரே அறைக்குள் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. எனக்கும் உன் மேல் கோபம்தான், மறைக்க மாட்டேன். ஜனவரியிலேயே தெரிந்தும், "எல்லாருக்கும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது" என்று எழுதினாயே, அது இன்னும் உறுத்துகிறது.

இருபத்தைந்தாம் தேதி காலையில் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார். சம்மதக் கையெழுத்துப் போடும்போதும் உன் பெயரை எடுக்கவில்லை.

முந்தாநாள் ஆபரேஷன். கட்டியோடு ஈரலில் ஒரு பகுதியை எடுத்திருக்கிறார்கள். வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறதா என்று இன்னும் சொல்லவில்லை. அதுவரை நானும் உன்னைப் போலத்தான், ஒரு கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். விசாரணை எப்படி முடிந்தாலும், விட்டதும் இங்கே வந்துவிடு. அறை ஒன்றுதான், பாய் இரண்டு இருக்கிறது.

நேற்றுத்தான் நன்றாகக் கண் விழித்தார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. வாயைத் திறந்ததும் உன்னைத் திட்ட ஆரம்பித்தார், மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். நர்ஸ் பயந்துபோய், "யாரை சார் இப்படித் திட்றீங்க?" என்று கேட்டாள்.

"லிஃப்ட் மெக்கானிக்கை" என்றார்.

உன் அக்கா